ஈரச்சாக்குக்குள் முப்பது டிகிரி

என் தங்கை லிடியாவுக்கு எல்லாவற்றைப் பற்றியும் ஓர் அபிப்பிராயம் உண்டு. அதை மனதுக்குள் வைத்துக்கொள்ளும் பழக்கம்தான் கிடையாது. இருபத்து மூன்று வயதாகிறது. வெண்ணந்தூரில் நான் நடத்தும் மோட்டார் ரீவைண்டிங் கடையின் பின்பக்கம் ஒரு மேஜையும் பழைய லேப்டாப்பும் போட்டு உட்கார்ந்திருக்கிறாள். அதுதான் அவளுடைய கம்பெனியாம். இடத்துக்கு வாடகை கேட்டால், "ஜெர்ரிண்ணா, உன் கடைக்கு நான்தான் பெருமை, நியாயமா நீதான் எனக்குக் குடுக்கோணும்" என்பாள். வாய் அப்படி!

"கம்ப்யூட்டருக்கு மூளையெல்லாம் கிடையாதுண்ணா, பிடிவாதம் மட்டுந்தான். ஆனா பொய் சொல்லாது. பொய் சொல்றதெல்லாம் மனுசங்கதான்." இதை என்னிடம் நூறு முறையாவது சொல்லியிருப்பாள்.

பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கேட்டுவிட்டால் போச்சு, அன்றைக்கு என் வேலை கெட்டது. பன்னிரண்டாம் வகுப்பு செய்முறைத் தேர்வில், புத்தகத்தில் பதினெட்டு வரியில் இருந்த புரோகிராமை இவள் ஒன்பதே வரியில் எழுதினாள். ஓட்டிப் பார்த்தால் விடை சரியாக வந்தது. வாத்தியாரோ நோட்டைப் பார்த்தாரே தவிர, திரையின் பக்கம் திரும்பவே இல்லை. "ஓடுதுங்க சார், ஒரு தடவ பாருங்க" என்று கெஞ்சியிருக்கிறாள். "புக்குல இப்படி இல்லம்மா" என்று நான்கு மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டார். ஆறு வருடம் ஆகியும் அந்த நான்கு மதிப்பெண்ணை அவள் மறக்கவில்லை.

இந்தச் சித்திரையில் சென்னைக் கம்பெனி ஒன்று அவளை வேலைக்குக் கூப்பிட்டது. திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். "எவனோ ஒருத்தன் ஆப்புல பட்டன் கலரை மாத்தறதுக்கு நான் எதுக்கு அங்க போவோணும்?" என்றாள். அப்பா ஒரே வார்த்தையில் முடித்தார். பெரியசாமி பண்ணையில் இவள் மாட்டியிருக்கும் பெட்டி ஒழுங்காக வேலை செய்தால் இங்கேயே இருக்கலாம், இல்லாவிட்டால் சென்னைக்குக் கிளம்ப வேண்டும். லிடியா சிரித்துக்கொண்டே சரி என்றாள்.

பெரியசாமி அண்ணனின் முட்டைக்கோழிப் பண்ணை புதுச்சத்திரம் பக்கம் இருக்கிறது. ஒரே கொட்டகையில் ஆறாயிரம் கோழி. வெயில் ஏறினால் மேலே ஓடும் குழாயிலிருந்து தண்ணீரைப் புகைபோலத் தூவ வேண்டும், இல்லாவிட்டால் கோழி தாங்காது. அந்தக் குழாயின் வால்வை அதுவரை திறந்து மூடியது பண்ணையில் வேலை செய்யும் சித்ரா. இப்போது லிடியாவின் பெட்டி சூட்டை அளந்து, முப்பத்தைந்தைத் தாண்டினால் தானாகத் திறக்கும். அளவு கடையில் இருக்கும் அவள் லேப்டாப்பிலும் தெரியும். ஆளும் மெஷினும் சேர்ந்து கை வைத்தால் எது வேலை செய்தது என்று எப்படித் தெரியும் என்று சொல்லி, லிடியா வால்வின் கைப்பிடியையே கழற்றிக் கொண்டுவந்து தன் மேஜை இழுப்பறையில் போட்டுக்கொண்டாள். எனக்கு அது அவ்வளவு சரியாகப் படவில்லை. இருந்தாலும் இவளோடு யார் மல்லுக்கட்டுவது?

வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு மணிக்குச் சித்ரா போன் செய்தாள்.

"அக்கா, கோழியெல்லாம் வாயப் பொளந்துக்கிட்டு நிக்குதுங்க. கொஞ்சம் தண்ணி உடுங்கக்கா."

லிடியா லேப்டாப்பைப் பார்த்தாள். "முப்பதுதான் இருக்குது சித்ரா. பயந்துக்காத."

இரண்டரைக்கு மறுபடியும் அழைத்தாள். "ரெக்கைய விரிச்சிருச்சுங்க, ரெண்டு படுத்திருச்சுங்க" என்றாள். "பொட்டி பொய் சொல்லாது. நான் பார்த்துக்கிட்டுத்தான் இருக்கறேன்" என்று லிடியா கொஞ்சம் கடுப்பாகவே சொல்லி வைத்துவிட்டாள்.

எனக்கோ சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது. "ஏம்புள்ள, வெளிய போய் நின்னு பாரு. இது முப்பதா?" என்றேன். முறைத்துக்கொண்டு போனாள். போன வேகத்தில் திரும்பி வந்தாள். லேப்டாப்பிலிருந்தே வால்வைத் திறந்துவிட்டு, "வண்டிய எடுண்ணா" என்றாள்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது தண்ணீர் தூவிக்கொண்டிருந்தது. செத்துப்போன நாற்பத்தொரு கோழிகளை வரிசையாகக் கிடத்தியிருந்தார்கள். தூணில் இருந்த பெட்டியைச் சுற்றி ஈரச்சாக்கு கட்டியிருந்தது.

"யாரு கட்டுனது?" என்றார் பெரியசாமி.

"நாந்தானுங்க. வெயில்ல பொட்டி கொதிக்குதுங்க, தொடவே முடியல. வெடிச்சுகிடிச்சுப் போயிருமோன்னு..." சித்ரா அழுதுவிட்டாள்.

எங்கள் பக்கம் சூடாகும் எதற்கும் ஈரச்சாக்குதான் வைத்தியம். தண்ணிப் பானைக்கும் டீசல் பைப்புக்கும் அதையே கட்டுவோம். என் கடைக்கு வரும் மோட்டாருக்கு நானே கட்டியிருக்கிறேன். பெட்டி பொய் சொல்லவில்லை. சாக்குக்குள் முப்பதுதான் இருந்தது.

"நாளையில இருந்து நீ வேலைக்கு வர வேண்டாம்" என்றார் பெரியசாமி சித்ராவிடம். பிறகு லிடியா பக்கம் திரும்பினார். "உன்ற பொட்டி மேல தப்பில்ல கண்ணு. அது இருக்கட்டும்."

அவள் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், பெட்டியும் தப்பித்தது, சென்னையும் இல்லை. ஒளிப்பானேன், அவள் பேசாமல் இருக்க வேண்டுமே என்றுதான் நானும் வேண்டிக்கொண்டேன்.

"தப்பு என்ற மேலதானுங்க" என்றாள் லிடியா. "அவ ரெண்டு வாட்டி போன் பண்ணுனா. கோழியப் பார்த்துட்டுச் சொன்னா. நான் ஸ்கிரீனப் பார்த்துட்டு நம்புல. கைப்பிடியையும் நாந்தான் கழட்டி வெச்சிருக்கறேன். அவள நிறுத்தறதா இருந்தா என்ற பொட்டியையும் கழட்டிருங்க."

"அப்ப இனி என்ன பண்றதா உத்தேசம்?"

"பொட்டிய நெழல்ல மாட்டறேனுங்க. கைப்பிடியத் திருப்பிக் குடுத்தர்றேன். ஒரு பட்டன் வெக்கறேன். சித்ரா அமுக்குனா, பொட்டி என்ன சொன்னாலும் தண்ணி வரும்."

"சித்ரா இருந்தாத்தான?"

"ஆமாங்க. இருந்தாத்தான்."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். திரும்பும் வழியில் இவள் வண்டியின் பின்னால் உட்கார்ந்து அழுதாள். "அந்த வாத்தியாரும் நானும் ஒண்ணாயிட்டம்ணா" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் கைப்பிடியையும் பட்டனையும் எடுத்துக்கொண்டு பண்ணைக்குப் போனோம். வெயிலுக்காகக் கொட்டகை ஓரத்தில் தொங்கவிட்டிருந்த சாக்குகளில் சித்ரா தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். எங்களைக் கண்டதும் குடத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். கைப்பிடியை லிடியா அவள் கையிலேயே கொடுத்தாள்.

பெட்டி பண்ணையிலேயே நின்றதால் அப்பாவும் சம்மதித்தார். திங்கட்கிழமை சென்னைக்கு இரண்டு வரியில் பதில் போனது, வரவில்லை என்று.

புதன்கிழமை மதியம் போன் அடித்தது. "அக்கா, பட்டன அமுக்கிட்டனுங்க" என்றாள் சித்ரா. லேப்டாப் மேஜையில் திறந்துதான் இருந்தது. முப்பத்து மூன்று காட்டியதை நான் பார்த்தேன். லிடியா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

"செரி சித்ரா" என்றாள். "கோழி எப்படி இருக்குது, சொல்லு."