ஒரே ஆல்பத்துக்கு இரண்டு மார்க்

1. ஆடிட் நாள்

ஓசூரில் குரோம் பிளேட்டிங் கம்பெனி ஒன்றில் ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷன் என் பொறுப்பு. கண்ணால் பார்த்து ஓகே, ரிஜெக்ட் சொல்லும் வேலை. சேர்ந்த புதிதில் கஸ்டமர் ஆடிட் வந்தது. காலையில் நான் பாஸ் செய்த பீஸையே மதியம் மற்றவற்றோடு கலந்து வைத்தார்கள். ரிஜெக்ட் என்று தள்ளினேன். மேனேஜர் கோபப்படவில்லை. "பீஸ் அப்படியேதான்யா இருக்குது. நீ போய் மூஞ்சி கழுவிட்டு வா" என்றார். இன்று என் இன்ஸ்பெக்டர்களையும் நான் அப்படித்தான் சோதிக்கிறேன்.

2. ராக் பஞ்சாயத்து

மெயின்டனன்ஸ் மஞ்சுநாத், ஆனேக்கல்காரர். உலகின் மிகச் சிறந்த ராக் ஆல்பம் எது என்று கேன்டீனில் எங்களுக்குள் வருடக்கணக்கில் சண்டை. கடைசியில், இன்ஸ்பெக்டர்களுக்கு வைக்கும் சோதனையையே நமக்கும் வைப்போம் என்றார். ஆல்பங்களைக் கேட்டுப் பத்துக்கு மார்க் போட வேண்டும். சில வாரம் கழித்து, பழைய மார்க்கைப் பார்க்காமல் மறுபடி போட வேண்டும். மார்க்குகளை வைத்துக்கொள்வது என் மகள் நிலா.

என் அபிமான ஆல்பத்துக்கு ஒன்பது போட்டேன். அதன் டிரம்ஸுக்காகவே. மஞ்சு நாலு. "இது பஜனை சார்" என்றார்.

இரண்டாம் சுற்றுக்குள் அது நடந்தது. பொம்மசந்திராவுக்கு ஸ்கூட்டரில் வேலைக்குப் போன நிலாவை, அத்திப்பள்ளி அருகே சிக்னல் போடாமல் திரும்பிய லாரி இடித்தது. தோள்பட்டை எலும்பு முறிவு. கூடியபின், வண்டி ஓட்டலாம் என்றார் டாக்டர். நான் சாவியைப் பீரோவில் பூட்டினேன். பஸ் மாறி மாறி அலுத்துப்போய், அவள் கம்பெனி அருகே ஹாஸ்டலில் சேர்ந்துவிட்டாள். சாயங்காலம் கேட் சத்தம் கேட்டால் இன்னமும் எழுந்து போய்ப் பார்க்கிறேன்.

தள்ளிப்போன இரண்டாம் சுற்றை மஞ்சு விடாமல் கேட்டதால் தனியாக உட்கார்ந்து அந்த ஆல்பத்தைப் போட்டேன். டிரம்ஸ் வேகமெடுத்த இடத்தில் அந்த லாரிதான் கண்முன் வந்தது. நிறுத்திவிட்டு, மூன்று என்று நிலாவுக்கு அனுப்பினேன். உடனே போன் வந்தது.

"அப்பா, போன தடவை இதுக்கு ஒன்பது போட்டீங்க."

"இப்ப கேக்க முடியலம்மா."

"ஆல்பம் அப்படியேதாம்ப்பா இருக்கு. நான் வண்டி ஓட்டறதும் அப்படியேதான் இருக்கு. இத்தனை வருஷமா ஓகே போட்டது நீங்கதானே?"



மஞ்சுவின் நாலுக்கும் என் ஒன்பதுக்கும் காரணம் ரசனை. அதில் யார் பக்கமும் தப்பில்லை. என் மூன்றைப் போட்டது பயம். இளையவர்களுக்குச் சொல்வேன்: உங்கள் தீர்ப்பே மாறினால், பீஸைத் தள்ளுமுன் அன்று நீங்கள் எப்படி இருந்தீர்கள் என்று பாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஸ்கூட்டரை நானே அவள் ஹாஸ்டலுக்கு ஓட்டிப்போய்ச் சாவியைக் கொடுத்தேன். வீட்டுக்கு அவள் ஓட்டினாள். அத்திப்பள்ளி வந்ததும் பின்னால் பிடிக்கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். ஆனால் மெதுவாகப் போ என்று சொல்லவில்லை.