எழும்பூருக்கு ஒன்றரை டிக்கெட்

சைதாப்பேட்டை ஸ்டேஷனில் அன்று காலை நின்றவர்கள் மூன்று பேர்: அம்மா, சின்ன மாமா, நான். தங்கை வரவில்லை, அவளை ஆம்பூரில் பெரியம்மாவிடம் விட்டுவிட்டு வந்திருந்தோம். அப்பாவும் இல்லை. அவரைப் பார்க்கத்தான் போய்க்கொண்டிருந்தோம்.

அப்பா தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புக் குழி வேலை பார்த்தவர். ஊறிக் கனத்த தோலை இழுத்து மேலே போடும்போது பிடி நழுவியது. தோல் திரும்பவும் குழிக்குள் விழுந்து, சுண்ணாம்புத் தண்ணீர் அவருடைய இரண்டு கண்ணிலும் அடித்துவிட்டது. முதலாளி, பட்டணத்தில் தமக்குத் தெரிந்த டாக்டருக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்து, மேஸ்திரியைத் துணை சேர்த்து அப்பாவை ரயிலேற்றினார். எழும்பூருக்குப் பக்கத்தில் ஆஸ்பத்திரி. கண் கட்டை அவிழ்க்க எத்தனை நாள் ஆகும் என்று யாரைக் கேட்டாலும் பார்க்கலாம் என்றார்கள். ஒரு நர்சம்மா மட்டும் எங்கள் முகத்தைப் பார்த்து இரங்கி, இருபது நாளும் ஆகலாம், ஒரு மாசமும் ஆகலாம் என்று சொல்லிவிட்டார்.

நாங்கள் தங்கியது மாமாவின் ஒற்றை அறையில். அம்மாவுக்கு நேர் இளையவர் அவர். கடற்கரை ஸ்டேஷன் பக்கம் ஒரு கிடங்கில் மூட்டை எண்ணும் வேலை. தினமும் மின்சார ரயிலில் போய்வருவார். அவர் சட்டைப் பையில் ஒரு சீசன் டிக்கெட் இருக்கும். அதற்கு ஆம்பூரில் தைத்த தோல் உறை வேறு. வாசலில் டிக்கெட் பரிசோதகர் கையை நீட்டினால் மாமா உறையைத் தொடக்கூட மாட்டார். நெஞ்சைக் கொஞ்சம் நிமிர்த்தி, "சீசன்" என்பார். அவ்வளவுதான், வழி விட்டுவிடுவார்கள். எங்கள் குடும்பத்தில் யாரும் ஒரு சொல் சொல்லி ஒரு கதவைக் கடந்து நான் பார்த்ததில்லை. அன்றைக்கே எனக்கும் ஒரு சீசன் வேண்டும் என்று தோன்றிவிட்டது.

வெறும் ஆசையைச் சொன்னால் எடுபடாது என்று தெரியும். அப்போது நான் முதல் பாரம், அதாவது ஆறாம் வகுப்பு, படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்து வாசல் மிதித்த முதல் ஆள் என்பதால், கணக்கென்றால் எல்லாரும் என் பக்கம் திரும்புவார்கள். இரண்டாம் நாள் சாயங்காலம் பழைய செய்தித்தாளின் ஓரத்தில் நானும் மாமாவும் கணக்குப் போட்டோம். பஸ்ஸில் போனால் காசு ஜாஸ்தி, அம்மாவுக்கு வாந்தியும் வரும். பாதி தூரம் பஸ், பாதி தூரம் டிராம் என்றால் காசு கொஞ்சம் கம்மி, நடை ஜாஸ்தி. மின்சார ரயிலில் அம்மாவுக்குப் போக வர நாலணா, அரை டிக்கெட்டான எனக்கு இரண்டணா. ஆக, நாளொன்றுக்கு ஆறணா. மாதச் சீசன் வாங்கினால் அம்மாவுக்கு நாலு ரூபாய், எனக்கு இரண்டு ரூபாய். பதினாறு நாள் போனால் போட்ட காசு வந்துவிடும். அதற்கு மேல் ஒவ்வொரு நாளும் ஆறணா லாபம். ஒரு மாதத்துக்கு ஐந்தே கால் ரூபாய் மிச்சம்.

நான் இதைப் பாடம் ஒப்பிப்பதுபோல் அம்மாவிடம் ஒப்பித்தேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். கடைசிவரை கேட்டுவிட்டு, "வேணாம்" என்றாள்.

"அக்கா, பையன் கரெக்டா போட்டுக்கிறான். மாசம் அஞ்சு ரூபா கம்மி."

"மாசத்துக்கு யாருடா வாங்கறது? நாளைக்கே கட்ட அவுத்துட்டா?"

"நாளைக்கு எப்டிக்கா அவுப்பாங்க?"

அம்மா களைந்த தண்ணீரைக் கொட்டினாள். "தோலைக் குழியில போடும்போது நாள் எண்ணித்தான்டா போடறாங்க. அந்த நாள் முடியாம எவனும் வெளிய எடுக்க மாட்டான். முப்பது நாளுன்னு எழுதி நான் வாங்கினேன்னு வையி, அந்த மனுசன் முப்பது நாளும் அங்கயே ஊறணும். எனக்கு வேணாம்பா அந்தப் பேஜாரு."

மாமா என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். எழுதப் படிக்கத் தெரியாதவளிடம் ரயில்வே கணக்கைப் பேசியது நம் தப்பு என்பதுபோல் எனக்குப் பட்டது. தோலுக்கும் டிக்கெட்டுக்கும் என்ன சம்பந்தம்?

வழிச்செலவுக்கென்று அம்மா மாமாவிடம் பத்து ரூபாய் கொடுத்து வைத்திருந்தாள். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதும், அம்மாவை அறையில் விட்டுவிட்டு நானும் மாமாவும் ஸ்டேஷனுக்குப் போனோம். கையில் கொடுத்துவிட்டால் வேண்டாம் என்று சொல்லவா போகிறாள் என்றார் மாமா. விண்ணப்பத் தாளில் அம்மாவின் பெயரை இங்கிலீஷில் நான்தான் எழுதினேன். அதற்கு முன் அந்தப் பெயரை எந்த மொழியிலும், எந்தத் தாளிலும் நான் பார்த்ததில்லை. எழுத்துகள் கோணக்கூடாது என்று ஒவ்வொன்றையும் அழுத்தி எழுதினேன். பின்னால் நின்றவர், "தம்பி, ரயில் போய்டும்பா" என்றார்.

அம்மா சீசனை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இதுல இன்னா எழுதிக்கிது?"

"உன் பேரு."

அதைக் கேட்டதும் அம்மா இரண்டு சீசனையும் சுருக்குப் பைக்குள் போட்டு இறுக்கினாள். மாமா சொன்னது சரிதான் என்று நினைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் காலை ஸ்டேஷனில் அம்மா நேராக டிக்கெட் ஜன்னலுக்குப் போனாள்.

"எழும்பூரு ஒண்ணரை. போக வர. இன்னிக்கி மட்டும்."

"டிக்கெட்டே இன்னிக்கி மட்டும்தாம்மா" என்றார் உள்ளே இருந்தவர்.

"அதான் வேணும், குடு."

நான் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தேன், கெஞ்சினேன். என் சீசனையாவது என்னிடம் கொடு, நான் மட்டும் காட்டிவிட்டுப் போகிறேன் என்றேன். அவள் அரை டிக்கெட்டை என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினாள். அன்றிலிருந்து தினமும் இதேதான். சுருக்குப் பையில் இரண்டு சீசன், கையில் ஒன்றரை டிக்கெட். மாமா முதலில் கோபித்தார், பிறகு சிரித்தார், அப்புறம் அந்தப் பேச்சையே விட்டுவிட்டார்.

ஒரு வாரம் போனபின், எழும்பூர் வாசலில் அம்மா டிக்கெட் எடுக்கப் பையைத் திறந்தபோது சீசன் கீழே விழுந்தது. பரிசோதகர் குனிந்து எடுத்தார். தேதியைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார்.

"இன்னாம்மா இது? சீசன் கையில வெச்சிக்கினு எதுக்கு டிக்கெட்டு வாங்கறே? காசு ஜாஸ்தியா கீதா?"

"அது இருக்கட்டும் நைனா. எனக்கு இன்னிக்கி ஒரு நாள் போதும்."

பின்னால் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். ரயில்வேயை வாழவைக்கவே ஊரிலிருந்து புறப்பட்டு வந்தவள் என்றார் ஒருவர். எனக்கு அழுகை வந்தது. பட்டணத்து மனிதர்கள் முன்னால் என் அம்மா கணக்குத் தெரியாதவள் ஆகிவிட்டாளே என்றுதான்.

ஆஸ்பத்திரியில் அப்பா கட்டுப் போட்ட முகத்தோடு கட்டிலில் உட்கார்ந்திருப்பார். எங்கள் காலடிச் சத்தம் கேட்டதும் தலையைச் சாய்ப்பார். எப்போதும் ஒரே கேள்விதான்.

"எத்தினி நாளுன்னு எதுனா சொன்னாங்களா?"

"நாளைக்கி அவுத்துடுவாங்களாம்" என்பாள் அம்மா. தினமும் அதேதான் சொல்வாள். முதல் தடவை சொல்வதுபோலவே சொல்வாள்.

ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை. பொய் சொல்லக் கூடாது என்று வாத்தியார் சொல்லியிருந்தார். அதோடு என் கணக்கின் பெருமையை அப்பாவிடமாவது சொல்லிவிட வேண்டும் என்றிருந்தது. "அப்பா, நாங்க ஒரு மாச சீ…" என்று ஆரம்பித்தேன். அம்மா என் தொடையில் கிள்ளியது மூன்று நாள் கன்றிப்போய் இருந்தது.

"இன்னாடா ஒரு மாசம்?" என்றார் அப்பா. அவருடைய கை போர்வையை இறுக்கிப் பிடித்தது.

"ஒரு மாசமா மாமன் ஊட்ல சினிமாவே பாக்கலயாம். அழுவறான்" என்றாள் அம்மா. நாங்கள் வந்தே பத்து நாள்தான் ஆகியிருந்தது. அப்பா எண்ணிப் பார்க்கவில்லை. சிரித்தார். போர்வையிலிருந்து கை தளர்ந்தது.

இருபத்து நாலாவது நாள் கட்டை அவிழ்த்தார்கள். வலது கண் போய்விட்டது. இடது கண்ணில் பார்வை இருந்தது. அப்பா முதலில் என்னைப் பார்த்து, "இளைச்சிட்டியேடா" என்றார். அம்மா ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். சாயங்காலமே வீட்டுக்கு அழைத்துப் போகலாம் என்றார்கள்.

எழும்பூர் ஸ்டேஷனில் எங்கள் இரண்டு பேருக்கும் திரும்பும் டிக்கெட் இருந்தது. அப்பாவுக்குத்தான் இல்லை. அம்மா ஜன்னலில் இரண்டணாவை வைத்து, "சைதாப்பேட்டை ஒண்ணு. போவ மட்டும்" என்றாள். வாங்கிய டிக்கெட்டை அப்பாவிடமே கொடுத்தாள். அவர் அதை இடது கண்ணுக்கு நேராகப் பிடித்து, படிக்கத் தெரிந்தவர்போல் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

ரயிலில் உட்கார்ந்ததும் அம்மா சுருக்குப் பையைத் திறந்து, தன் சீசனை என்னிடம் நீட்டினாள். "இதுல இன்னும் எத்தினி நாளு பாக்கி கீது?"

தேதியைப் பார்த்து எண்ணினேன். "ஒம்பது."

"ஒம்பதா? நல்லா பாரு."

"ஒம்பதுதான்."

அம்மா சிரிக்க ஆரம்பித்தாள். "ஒம்பது நாளு பாக்கியாம், கேட்டியா!" என்று அப்பாவின் தோளைத் தட்டினாள். எதைக் கேட்க வேண்டும் என்று தெரியாமலே அவரும் சிரித்தார். எதிரில் இருந்த அம்மாளிடமும் சொன்னாள். இருபத்து நாலு நாளில் அவள் வாய்விட்டுச் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

எனக்கோ அவமானமாக இருந்தது. தொடாமல் கிடந்த சீசனில் ஒன்பது நாள் வேறு வீண். இதில் சிரிக்க என்ன இருக்கிறது? அம்மாவுக்குக் கழித்தலும் தெரியாது, நட்டமும் தெரியாது என்று முடிவு கட்டினேன். சைதாப்பேட்டை வருவதற்குள், யாரோ பெஞ்சில் விட்டுப்போன செய்தித்தாளின் ஓரத்தில் பென்சிலால் எழுதிக் கூட்டினேன். இருபத்து நாலு நாள் டிக்கெட் ஒன்பது ரூபாய், யாரும் காட்டாத சீசன் ஆறு ரூபாய், அப்பா திரும்பி வந்தது இரண்டணா. ஆக மொத்தம் பதினைந்து ரூபாய் இரண்டணா.