கடைசி ரீல்

வெண்டல் கார்ஸ்டுக்குக் கோபம் மூக்கு நுனியில்தான் இருக்கும். நெப்ராஸ்காவில் மளிகைக் கடைக்காரரின் மகனாகப் பிறந்து, ஹாலிவுட்டுக்கு வந்து கிளாப் அடித்து, குதிரைப் படங்களாக எடுத்துத் தள்ளியவர். வாழ்நாளில் ஒரே ஒருமுறைதான் மனதுக்குப் பிடித்த கதையைக் கையில் எடுத்தார். கணவன் விட்டுப்போன ஒருத்தி நெடுஞ்சாலைப் பெட்ரோல் பங்க்கில் அவனுக்காகக் காத்திருக்கிறாள். கடைசி பஸ்ஸும் போய்விடுகிறது, அவன் வரவில்லை.

ஸ்டுடியோ முதலாளிக்கு அது பிடிக்கவில்லை. டிக்கெட் வாங்கியவன் அழுதுகொண்டா வீட்டுக்குப் போவது என்று கேட்டு, வேறொரு டைரக்டரை வைத்துக் கணவன் திரும்பி வரும் காட்சியைப் புதிதாகப் படமாக்கிவிட்டார். அதை ஒட்டுகிற வேலை எடிட்டர் ஹாரியட் பீலின் தலையில் விழுந்தது. கார்ஸ்டின் எல்லாப் படங்களுக்கும் அவள்தான் எடிட்டர். முடியாது என்று சொல்லிவிடுவாள் என எதிர்பார்த்தார். அவளோ வாய் திறக்காமல் எடிட்டிங் அறைக்குள் போனாள். அது அவருக்குச் சுட்டது.

டைரக்டர்கள் சங்க விதிப்படி, படம் கைமீறிப் போனால் டைரக்டர் அதிலிருந்து தன் பெயரை நீக்கிவிடலாம். இல்லாத ஆளின் பெயர் ஒன்று அந்த இடத்தில் வரும். ஆனால் முடிந்த படத்தைப் பார்த்த பிறகுதான் கேட்க வேண்டும். அப்புறம் வெளியே மூச்சு விடக் கூடாது. கார்ஸ்ட் படம் பார்க்கப் போய் உட்கார்ந்தார். கடைசி ரீல் தொடங்கியதும், இந்தக் கண்றாவியை வேறு பார்க்க வேண்டுமா என்று எழுந்து போய்விட்டார். வீம்பு பிடித்த மனிதர். மறுநாள் தன் பெயரை நீக்கச் சொல்லிவிட்டார். படத்தையும் ஹாரியட்டையும் சேர்த்துத் தலைமுழுகினார்.

அதன்பின் டெலிவிஷனில் காலம் தள்ளினார். அன்று ஓடாத படத்தை, அவருக்கு வயதான பிறகு யார் யாரோ தேடிப்பிடித்துக் கொண்டாடினார்கள். அந்தப் பேச்சு வந்தாலே எழுந்து போய்விடுவார்.

மனைவி இறந்த வருடம் ஹாரியட் போன் செய்தாள். பழைய தியேட்டர் ஒன்றில் சனிக்கிழமை மதியம் அந்தப் படம் போடுகிறார்களாம். தன் கண் மங்கிக்கொண்டே வருகிறது, ஒருமுறை பக்கத்தில் வந்து உட்கார் என்றாள். அவருக்கு மறுக்க மனம் வரவில்லை.

டைரக்டர் பெயர் வந்தபோது கார்ஸ்ட் குனிந்துகொண்டார். கடைசி ரீலில் எழப் பார்த்தார்; ஹாரியட் சட்டைக் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். திரையில் பஸ் கிளம்பியது. யாரும் வரவில்லை. அந்தப் பெண் தனியாக நின்றாள், அவர் எடுத்தபடியே.

"இது என்னோட முடிவு."

"ஆமா. முதலாளிக்கு ரெண்டு முடிவையும் போட்டுக் காட்டினேன். மனுஷன் உன்னோடத பாத்து அழுதுட்டாரு. நீயே பாத்துத் தெரிஞ்சுக்கணும்னு சொல்லாம இருந்தேன். அப்பவும் பேர எடுத்துட்ட. என் வேலைதான் பிடிக்கல போலன்னு இத்தன வருஷமா நெனச்சிட்டிருக்கேன், வெண்டல்."

"நான் கடைசி ரீல பாக்கவே இல்ல, ஹாரியட்."

அவள் பிடித்திருந்த கையை விட்டாள்.

விளக்குகள் எரிந்தன. தியேட்டர் நடத்தும் பெண் முன்னால் வந்து, திரையில் கண்ட பெயரில் ஆளே கிடையாது, உண்மையான டைரக்டர் யாரென்று இங்கே யாருக்காவது தெரியுமா என்று கேட்டாள். ஹாரியட் அவரைத் திரும்பிப் பார்த்தாள். கார்ஸ்ட் முன் இருக்கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"டைரக்டர விடுங்க. அவன் பாதியில எழுந்து போனவன். இந்தப் படத்தக் காப்பாத்தினவங்க இதோ உக்காந்திருக்காங்க. இவங்க பேரு ஹாரியட் பீல்."