கைவைத்த நாற்காலி

எங்கள் மாடியறையில் குடியிருந்த பெண்ணுக்கு 'சீனியர்' என்று பெயர். எதில் சீனியர் என்றால், மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பம் போடுவதில். வெளிநாட்டிலிருந்து படிக்க வந்த தமிழ்ப் பெண். நேர்காணலில் இரண்டு முறை கழித்துவிட்டார்கள். இந்த முறையும் போனால் விசா முடிந்தது. பெட்டி கட்ட வேண்டியதுதான்.

நேர்காணலுக்கு அவள் சொல்லிக்கொடுத்த வெளிநாட்டுப் பிள்ளைகள் மட்டும் வரிசையாகக் கல்லூரிக்கு உள்ளே போய்விட்டார்கள். வெள்ளைக் கோட்டோடு வந்து, "எப்படி இருக்கீங்க சீனியர்?" என்று விசாரித்து, என் டீயையும் குடித்துவிட்டுப் போவார்கள்.

பயிற்சி என் சாப்பாட்டு மேஜையில். கைவைத்த நாற்காலி தேர்வாளருக்கு, முக்காலி மாணவருக்கு. இவள் கைவைத்த நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "ஏன் டாக்டராகணும்?" என்பாள். எவனாவது "மக்கள் சேவை" என்று வாயெடுத்தால், "எழுந்து வெளிய போ. யோசிச்சிட்டு மறுபடி வா."

"நீயும் ஒருநாள் முக்காலியில உக்காரேன்டி. நான் கேள்வி கேக்கறேன்," என்றேன்.

"எனக்குத்தான் எல்லாம் தெரியுமேக்கா."

"தெரிஞ்சுதான் ரெண்டு தடவை திரும்பி வந்தியாக்கும்?"

முகத்தைத் தூக்கிக்கொண்டு மாடியேறிவிட்டாள்.

மூன்றாவது நேர்காணல் முடிந்து வந்தவள், செருப்பைக்கூடக் கழற்றாமல் முக்காலியில் உட்கார்ந்தாள்.

"பழக்கதோஷம்க்கா. உள்ள போனதும் கைவச்ச நாற்காலியில உக்காந்துட்டேன்."

"யாரோடது அது?"

"பெரிய டாக்டரம்மாவோடது. தண்ணி குடிக்க எழுந்திருந்தாங்க. சிரிச்சிட்டு எனக்குப் போட்ட நாற்காலியில உக்காந்து, 'சரி, நீங்களே கேளுங்க'ன்னாங்க. ஏன் டாக்டரானீங்கன்னு கேட்டேன். 'மக்கள் சேவை'ன்னாங்க."

"ஐயையோ! நீ என்ன சொன்ன?"

"எழுந்து வெளிய போங்கன்னுட்டேன்."

என் வீட்டுக்காரர் பேப்பருக்குப் பின்னால் குலுங்கினார். முறைத்தேன். அடங்கினார்.

"போனாங்களா?"

"போயிட்டு வந்தாங்க. வந்து என்கிட்ட அதையே திருப்பிக் கேட்டாங்க. ஊருக்கெல்லாம் பதில் சொல்லிக்கொடுத்தவளுக்கு ஒண்ணும் வரலக்கா. 'தெரியல மேடம், ஆனா வேற எந்த வேலையும் செய்யத் தோணல'ன்னேன். அழுதுட்டேன்."

பெட்டியைக் கீழே இறக்கித் தூசு தட்டி வைத்திருந்தாள். அதற்குள் கல்லூரியில் சீட்டு கிடைத்துவிட்டது.

முதல் நாள் கல்லூரிக்குப் போனவள் கடுகடுவென்று திரும்பினாள்.

"நான் சொல்லிக்கொடுத்த பயல்க்கா! அவனை நான் 'சீனியர்'னு கூப்பிடணுமாம்!"

"கூப்பிட்டுத் தொலை. உள்ள போயிட்டேல்ல?"