துண்டுக்குள் நான்கு விரல்

வேலந்தாவளத்தில் பம்புசெட் மோட்டார் எரிந்துபோனால் எல்லோரும் தேடிப்போவது பழனாத்தாளைத்தான். மாட்டுச் சந்தைக்குப் பின்னால், பருத்திக்கொட்டை குடோனை ஒட்டி ஒற்றை அறை. வாசலில் எந்நேரமும் நாலைந்து மோட்டார்கள் கிடக்கும். உள்ளே அவர் எரிந்த கம்பியைப் பிரித்துக்கொண்டிருப்பார், இல்லாவிட்டால் புதுக் கம்பியைச் சுற்றிக்கொண்டிருப்பார். இப்படிக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் வேலையை அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. கல்யாணமான புதிதில் அவர்கள் தோட்டத்து மோட்டார் கோயமுத்தூருக்குப் போய்ப் பழுது பார்த்து வந்த மூன்றாம் மாதமே மறுபடி எரிந்தது. அப்படி என்னத்தைத்தான் சுற்றுகிறார்கள் பார்ப்போம் என்று பிரிக்க உட்கார்ந்தவர், சுற்றுகளை எண்ணிக்கொண்டே போய், தானே கட்டி ஓடவும் வைத்துவிட்டார். அந்த மோட்டார் நான் அந்த ஊரில் இருந்தவரை ஓடிக்கொண்டிருந்தது.

அவர் வீட்டுக்காரர் ஆறுக்குட்டி மாட்டுத் தரகர். விலையை வாயால் சொல்லாமல், சிவப்புத் துண்டுக்குள் கையை விட்டு விரலைப் பிடித்துப் பேசுகிற தொழில். துண்டுக்குள் நடந்ததை வெளியே சொல்கிற தரகரிடம் மறுவாரம் ஒரு கன்றுக்குட்டிகூட வராது. ஆறுக்குட்டி வீட்டில்கூடச் சொன்னதில்லை. பழனாத்தாளும் கேட்டுக் கேட்டு விட்டுவிட்டார்.

நான் அப்போது அந்த ஊர்த் தபாலாபீசில் தந்தி அடிக்கிறவன். குடியிருந்தது ரைஸ்மில்காரருடைய வீட்டில். இந்த இரண்டையும் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எழுபத்தி நாலாம் வருஷம் எங்களுக்கு ஒரு ஒலிச் சங்கம் இருந்தது. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மில் மாடியில் கூடுவோம். மில்காரர்தான் தலைவர். சீமையிலிருந்து வரவழைத்த வால்வு ஆம்பிளிஃபயர் ஒன்று அவரிடம் இருந்தது. வால்வுகள் சூடாகிச் சிவப்பதைப் பார்த்தபடி ஒரு மணி நேரம் இசைத்தட்டு கேட்போம். பிறகு வடையும் காப்பியும் வரும். பெட்டியைப் புகழ்வோம், கலைவோம். சங்கத்தின் மொத்த வேலையும் அவ்வளவுதான். மில்காரர் கெட்டவர் இல்லை. புகழ்ச்சி என்றால் அவருக்குச் சர்க்கரைப் பொங்கல், நாங்களும் அளவில்லாமல் பரிமாறிக் கொண்டிருந்தோம்.

ரேடியோ ரிப்பேர் ராக்கப்பன் இதைக் கெடுத்தான். மூடிப்போன டூரிங் கொட்டகையிலிருந்து ஒரு பழைய வால்வு ஆம்பிளிஃபயரை வாங்கி வந்திருந்தான். எல்லாம் சரியாக இருந்தது, கடைசி டிரான்ஸ்ஃபார்மர் மட்டும் கருகிப் போயிருந்தது. வால்விலிருந்து வருகிற மின்சாரத்தை ஸ்பீக்கருக்குத் தகுந்தபடி மாற்றிக் கொடுப்பது அதுதான். கருகியதைத் தூக்கிக்கொண்டு பழனாத்தாளிடம் போனான்.

அவர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது எந்த மோட்டாருக்குங்க?" என்று கேட்டாராம்.

"மோட்டாருக்கில்லீங்க அக்கா, பாட்டுக்கு."

அந்தப் பதில் அவரைப் பிடித்துக்கொண்டது. தலைமுடிக் கனத்தில் கம்பி, ஆயிரக்கணக்கில் சுற்று, அடுக்குக்கு அடுக்கு காகிதம். ஒரு வாரத்தில் கட்டிக் கொடுத்தார். ராக்கப்பன் மாட்டிப் பாடவிட்டான். கேட்டுவிட்டு, "கதவச் சாத்திப்போட்டு உள்ளுக்குள்ள பாடறாப்புல இருக்குதே" என்று அவரே கழற்றி எடுத்துப் போனார். அடுத்ததில் தடிக் கம்பியை ஒரே இடத்தில் சுற்றாமல், மெல்லிய கம்பி அடுக்குகளுக்கு இடையிடையே பிரித்து வைத்தார். கதவு பாதி திறந்தது. இப்படி ஆறு மாதத்தில் நான்கு முறை கட்டிப் பிரித்தார். வாசலில் மோட்டார்க்காரர்கள் நின்று சத்தம் போட்டார்கள். போடட்டும் என்று விட்டுவிட்டார்.

ஆனி மாத ஞாயிறு ஒன்றில் ராக்கப்பன் அந்தப் பெட்டியை மில் மாடிக்குக் கொண்டுவந்தான். பழனாத்தாளும் வந்து கதவோரம் நின்றார், பின்னால் ஆறுக்குட்டி. இரண்டு பெட்டியிலும் பாட்டுக் கேட்டோம். அந்த அம்மாள் நிற்கிறாரே என்று இதுவும் நன்றாக இருக்கிறது என்றோம். மில்காரர் உட்கார்ந்திருக்கிறாரே என்று அதுவும் நன்றாக இருக்கிறது என்றோம். பழனாத்தாளுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது.

"நல்லா இருக்குதுங்கறதத் தவுத்து வேற ஒண்ணுமே வராதுங்களா? ஆறு மாசமா இதையே கேட்டு என்ர காது பழகிப்போச்சுங்க. அத நம்ப முடியாது. உங்க காதுதான் வேணும்."

அவரே வழியும் சொன்னார்.

"மறைப்புக் கட்டி ரெண்டையும் பாட விடுங்க. அப்பறம் மாடு பேசறாப்புல துண்டுக்குள்ள பேசிப் போடலாமுங்க. மொதல்ல பாடுனதுன்னா ஒரு வெரலு, ரெண்டாவதுன்னா ரெண்டு வெரலு. ஆரு என்ன சொன்னாங்கன்னு ஆருக்கும் தெரியாது."

ஆறுக்குட்டி பதறினார். "என்ர ஊட்டுக்காரி கட்டுனது. நான் துண்டப் புடிச்சா ஆருங்க நம்புவாங்க?"

"உன்ர கை பொய் பேசாதுன்னுதானப்பா மூணு தாலூக்காவும் உன்னத் தேடி வருது" என்றார் மில்காரர். அவருக்கும் ஆவல் வந்துவிட்டது. ஜமக்காளத்தை எடுத்துவரச் சொல்லி அவரே ஒரு முனையைப் பிடித்துக் கட்டினார்.

மில்காரருக்கும் ராக்கப்பனுக்கும் ஓட்டு இல்லை. மற்ற ஒன்பது பேர் தரையில் உட்கார்ந்தோம். ஜமக்காளத்துக்குப் பின்னால் ராக்கப்பன் வயரை மாற்றி மாற்றி, ஒரே நாதசுரத் தட்டை ஒரே ஸ்பீக்கரில் இரண்டு முறை பாடவிட்டான்.

முதல் முறை பாட்டுத் தொடங்குமுன் 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம் வந்தது. மில்காரர் பெட்டியின் திருகு அப்படித்தான் சத்தம் போடும். வேறு யார் காதிலும் அது விழுந்திருக்காது. நாளெல்லாம் தந்தி மேஜையில் டிக் டிக் என்று கேட்டே சோறு தின்கிற காது என்னுடையது, அது தவறவிடவில்லை. ஆக, அந்த அறையில் எனக்கு மட்டும் மறைப்பு இல்லாமல் போயிற்று.

இரண்டாவது முறை பாடியதைக் கேட்டபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

ஆறுக்குட்டி துண்டோடு வரிசையாக வந்தார். என் முறை வந்தது. துண்டுக்குள் அவர் கை சூடாக, காய்ப்புப் பிடித்துக் கிடந்தது. இரண்டு விரலைப் பிடிக்கத்தான் கையை விட்டேன். நாலடி தள்ளி, எனக்கு வீடு விட்டிருந்த மில்காரர் உட்கார்ந்திருந்தார். துண்டுக்குள் இருப்பதை எந்தக் கண்ணாலும் பார்க்க முடியாது என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் ஒரு விரலைத்தான் பிடித்தேன். நான் ஒருவன் மாற்றிச் சொன்னால் என்ன ஆகிவிடப் போகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஒன்பது பேரையும் முடித்துக்கொண்டு வந்து, "மொதல்ல பாடுனதுக்குத்தானுங்க அதிகம்" என்றார் ஆறுக்குட்டி.

ஜமக்காளத்தை விலக்கினார்கள். முதலில் பாடியது சீமைப் பெட்டி. மில்காரர் முகம் மலர்ந்தது. ராக்கப்பன் வயரைச் சுருட்ட ஆரம்பித்தான். வடை வந்தது.

திரும்பும்போது அவர்கள் இருவருக்கும் பின்னால் நானும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தேன். ஒரே வழிதான். பொழுது சாய்கிற நேரம், கணவாய்க் காற்று மேற்கிலிருந்து அடித்து ஆளைத் தள்ளியது.

"எத்தன பேருங்க நம்முளுதச் சொன்னாங்க?" என்று கேட்டார் பழனாத்தாள்.

"அது துண்டுக்குள்ள நடந்தது."

"பேரக் கேக்கலீங்க, எண்ணிக்கையத்தான் கேக்கறன். ஒருத்தருக்குமே புடிக்கலீன்னா அடியோட மாத்திக் கட்டோணும். பாதிப் பேருக்குப் புடிச்சுதுன்னா கொஞ்சம் திருத்துனாப் போதும். அது தெரியாம நான் எங்கிருந்து ஆரம்பிக்கறதுங்க?"

ஆறுக்குட்டி கொஞ்ச தூரம் நடந்தார். புளியமரத்தடியில் நின்று, தோளிலிருந்த துண்டை எடுத்துத் தன் கைமேல் போட்டு மனைவி முன்னால் நீட்டினார். இருபது வருஷத்தில் அந்தத் துண்டுக்குள் ஒரு பெண்ணின் கை போனது அன்றைக்குத்தான். பழனாத்தாள் ஒரு நிமிஷம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு உள்ளே கையை விட்டார். விரல்களைத் தடவி எண்ணுவது காற்றில் படபடத்த துணிக்கு மேலாகத் தெரிந்தது.

"நாலுங்களா?"

ஆறுக்குட்டி துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். பழனாத்தாள் சிரித்தபடி பின்னால் போனார். நான் சைக்கிளோடு அங்கேயே நின்று கணக்குப் போட்டேன். ஒன்பதில் நாலு போனால் ஐந்து. அந்த ஐந்தாவது ஆள் நான்.

மூன்று நாள் தள்ளிப்போட்டேன். நாலாம் நாள் ஆபீஸ் விட்டதும் பழனாத்தாள் அறைக்குப் போனேன். டிரான்ஸ்ஃபார்மரை மடியில் வைத்துப் பிரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் காகிதங்கள் அடுக்கடுக்காக. ஒரேயடியாகச் சொல்லிவிட்டேன். டிக் சத்தம், ஒற்றை விரல், வாடகை வீடு, எல்லாவற்றையும் சொன்னேன். திட்டட்டும் என்று நின்றேன். அவமானமாகத்தான் இருந்தது.

அவர் கை நின்றது. "அப்ப உங்க காதுக்கு எது நல்லாப் பட்டுதுங்க?"

"உங்களுதுதானுங்க."

"எந்த எடத்துல?"

அதை எதிர்பார்க்கவில்லை. யோசித்துச் சொன்னேன். "தவிலு நின்னதுக்கப்பறமுங்க. நாயனக்காரர் அடுத்ததுக்கு மூச்சு இழுத்தாரு. அது உங்க பெட்டீல கேட்டுது. மில்காரர் பெட்டீல நாலு வருசமா அதே தட்டக் கேக்கறன், அவரு மூச்சு உட்டதே தெரியாது."

"மூச்சுங்களா" என்றார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். அதைப் பார்க்க எனக்கு இன்னும் வெட்கமாயிற்று. ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு மறுபடி கம்பியைப் பிரிக்க ஆரம்பித்தார்.

"அக்கா, அப்பறம் ஏனுங்க பிரிக்கறீங்க? நியாயமாப் பாத்தா உங்களுதுதான் ஜெயிச்சிருக்குது."

"பொய் சொன்னது நீங்க ஒருத்தருதானுங்க சாரு. மிச்சம் நாலு பேரு நெசமாத்தான சொன்னாங்க? அவங்க காதுக்கு எங்க கொறையாப் பட்டுதுன்னு பாக்க வேண்டாமுங்களா?"

அவர் பிரித்த கம்பியின் முனையை என்னிடம் நீட்டினார்.

"சும்மா நிக்கறதுக்கு இதப் புடிங்க. இழுத்துப்போடாதீங்க, அந்து போயிரும்."

இருட்டும்வரை பிடித்துக்கொண்டிருந்தேன்.