மாடிப்படிக்குக் கீழே ஒரு குடியிருப்பவர்

அந்த ஐந்து மாடிக் கட்டடத்தில் தையலக்காவுக்கு வீடு கிடையாது. மாடிப்படிக்குக் கீழே ஒரு தையல் மிஷின் போடுகிற அளவு இடம் மட்டும் இருந்தது. அந்தச் சரிவில் தலை இடித்துக்கொள்ளாமல் எழுந்து நிற்கத் தெரிந்தவர் உலகத்திலேயே அவர் ஒருவர்தான். பதினேழு வருடமாக அங்கே உட்கார்ந்து ஜிப் மாற்றினார், பெருத்தவர்களுக்கு இடுப்பைப் பிரித்துவிட்டார், வளர்கிற பிள்ளைகளின் கால்சட்டையில் மடிப்பை அவிழ்த்து நீளம் கூட்டினார். கட்டடத்தின் பாதிச் சாவிகள் அவருடைய நூல் டப்பாவில் கிடந்தன. பார்சல் வந்தால் அவரிடம். காய்ச்சலோடு பள்ளியிலிருந்து பாதியில் வந்த பிள்ளையும் அவரிடம்.

"அந்தக் கட்டடமே உன் வீடு. இங்க நீ வந்து போற விருந்தாளி," என்பார் பஸ் ஓட்டுகிற அவர் கணவர்.

அந்த இடத்துக்குத்தான் ஆபத்து வந்தது. மூன்றாம் மாடியில் இருக்கும் குடியிருப்போர் சங்கச் செயலாளர் நில அளவை அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். சட்டம் பேசாமல் அவருக்குச் சோறு இறங்காது. மிஷினை அப்புறப்படுத்திவிட்டு அங்கே பைக் நிறுத்தலாம் என்பது அவர் யோசனை. ஞாயிற்றுக்கிழமை கூட்டம், ஓட்டெடுப்பு. அதற்கு முன்னால், தானே எழுதிய புதிய விதிகளை வீடு வீடாகக் கொடுக்கச் சொல்லித் தையலக்காவின் கையிலேயே திணித்தார்.

அவர் படிக்கமாட்டார் என்று நினைத்துவிட்டார் போல. நாலாம் மாடிப் படியில் மூச்சு வாங்க நின்றபோது தையலக்கா படித்தார். ஓட்டு குடியிருப்பவருக்கு மட்டும். குடியிருப்பவர் என்பவர் ஆண்டில் இருநூறு நாளுக்குக் குறையாமல் இக்கட்டடத்தில் இருப்பவர். வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு எங்கோ உட்கார்ந்து போனில் அதிகாரம் பண்ணுகிறவர்களுக்காகச் செயலாளர் வைத்த செக் அது. தையலக்கா இரண்டாம் முறையும் படித்தார். அப்புறம் மீதித் தாள்களைத் துள்ளிக்கொண்டு போய்க் கொடுத்தார்.

ஞாயிறு காலை கார் நிறுத்துமிடத்தில் நாற்காலி போட்டுக் கூட்டம். தையலக்கா கழுத்தில் இஞ்ச் டேப்போடு வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தார்.

"நீ ஏம்மா இங்க?" என்றார் செயலாளர்.

"ஓட்டுப் போட வந்தேன் சார். நீங்க எழுதுன மூணாவது விதி. நான் இருநூறு நாளுக்கு மேலயே இங்க இருக்கேன்."

"அது… வீட்டுக்காரங்களுக்கு எழுதினது!"

"அப்படி எங்க சார் போட்டிருக்கு?" என்றார் இரண்டாம் மாடிப் பல் டாக்டரம்மா, தாளைப் புரட்டிக்கொண்டே. "வாட்ச்மேன் அண்ணே, அந்த நோட்டைக் கொண்டாங்க."

வேலைக்கு வருகிறவர்கள் தினமும் கையெழுத்துப் போடுவதும், வெளியூர் போகிறவர்கள் போன தேதி, வந்த தேதி எழுதுவதும் அந்த நோட்டில்தான். அதுவும் செயலாளர் போட்ட சட்டம். டாக்டரம்மா எண்ணினார். தையலக்கா, இருநூற்றுத் தொண்ணூற்றொரு நாள். எல்லோரும் கை தட்டினார்கள்.

"அப்படியே நம்ம சாரையும் பாத்துருங்க," என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

பேரன் பிறந்ததில் மகள் வீட்டுக்கும் இங்குமாக அலைந்த செயலாளர், நூற்று அறுபத்து மூன்று நாள்!

சிரிப்பு அடங்கவே ஐந்து நிமிடம் ஆனது. செயலாளரின் முகம் சுண்டிப்போனது.

"நாள் கணக்கே தப்பு," என்றார் வாட்ச்மேன். "தையலக்கா ஒருநாள் வரலன்னா, 'எங்க காணோம், உடம்புக்கு என்ன'ன்னு எட்டு பேர் எங்கிட்ட வந்து நிப்பாங்க. யாரைத் தேடுறாங்களோ அவங்கதான் குடியிருக்கவங்க."

"என்னை யாராவது தேடினாங்களாப்பா?" செயலாளர் மெதுவாகக் கேட்டார்.

வாட்ச்மேன் தலையைச் சொறிந்தார். "மோட்டார் ஓடாதப்ப தேடுனாங்க சார்."

மறுபடியும் சிரிப்பு. இந்த முறை தையலக்கா சிரிக்கவில்லை, எழுந்து நின்றார்.

"போதும், விடுங்க. நான் தேடுனேன். சார் வீட்டுச் செடிக்குத் தினமும் தண்ணி ஊத்துனது நான்தானே? எப்ப வருவாருன்னு பாத்துக்கிட்டேதான் இருந்தேன். பேரனைப் பாக்கப் போனவரைக் கட்டடத்தைவிட்டுத் துரத்துவாங்களா? அவருக்கும் ஓட்டு இருக்கட்டும்."

யாரும் மறுக்கவில்லை. டாக்டரம்மா மூன்றாவது விதியில் இருநூறு நாளை அடித்தார். அந்த இடத்தில் என்ன எழுதுவது என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள், முடிவாகவில்லை. அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைத்தார்கள்.

"இப்ப ஓட்டு," என்றார் செயலாளர், தொண்டையைச் செருமிக்கொண்டு. "மிஷின் அங்கயே இருக்கலாம்னு சொல்றவங்க?"

கைகள் எழுந்தன. தையலக்கா தன் கையையும் தூக்கி, கூச்சத்தோடு சுற்றிப் பார்த்தார். எண்ணி முடிக்கும்வரை காத்திருந்த செயலாளர், குனிந்து எழுதிக்கொண்டே இடது கையை உயர்த்தினார்.

"என்னையும் சேத்துக்கோங்க," என்றார்.