மச்சான் தேர்ந்தெடுத்த ப்ராசசர்

எங்கள் வீட்டுக் கணினி பதினோராவது வயதில் செத்துப்போனது. உடனே என் மனைவியின் அண்ணனுக்குப் போன் போட்டேன். நாங்கள் பத்தாங் காலியில் இருக்கிறோம், எனக்கு ரவாங்கில் தொழிற்சாலை வேலை. மச்சானுக்குக் கோலசிலாங்கூரில் வீடு. செம்பனை எண்ணெய் ஆலையில் வயர்மேனாக இருந்தவர். இதுவரை எங்கள் வீட்டில் ஓடிய மூன்று கணினிகளையும் அவர் வீட்டில் வைத்துத்தான் பாகம் பாகமாகப் பூட்டினோம். பூட்டினோம் என்று பன்மையில் சொல்வது என் பெருமைக்காக. அவர் பூட்டினார், நான் திருகாணி எடுத்துக் கொடுத்தேன். முதல் தடவை ப்ராசசரை என்னிடம்தான் கொடுத்தார். திசை பார்க்காமல் வைத்து, பெட்டிக்குள் துணி அமுக்குவதுபோல அமுக்கினேன். ஆறு பின்கள் வளைந்துபோயின. ஊசி முனையால் ஒவ்வொன்றாக அவர் நிமிர்த்த ஒரு மதியம் முழுக்க ஆனது. அதன் பிறகுதான் எனக்குத் திருகாணி இலாகா ஒதுக்கப்பட்டது.

"எதுக்கு மாப்ள இப்ப கம்ப்யூட்டரு?" என்றார் போனில்.

"வீடியோ எடிட்டிங் செய்யலாம்னு இருக்கேன் மச்சான்."

"சீட்டு வெளாடறதுக்கு இப்ப அப்படியா பேரு?"

பெட்டி, மெமரி, பவர் சப்ளை எல்லாம் கால் மணி நேரத்தில் முடிவாகிவிட்டன. ப்ராசசர் மட்டும் முடிவாகவில்லை. அந்த விஷயத்தில் மச்சானுக்கு ஒரே கொள்கை: இப்போது வாங்காதே. "புதுசு எறங்கப் போவுது. அது எறங்குனா இது வெல எறங்கும். பொறு." புதிது இறங்கும். அதற்குள் அதைவிடப் புதிதைப் பற்றிச் செய்தி வந்துவிடும். மறுபடியும் பொறு. போன தடவை இப்படியே பதினான்கு மாதம் பொறுத்தோம். அடுத்த பஸ்ஸில் ஏர்கோன் இருக்கும் என்று வருகிற பஸ்ஸையெல்லாம் விட்டுவிட்டு நிற்கிற இரண்டு பேர் என்று என் மனைவி எங்களைச் சொல்வாள். அவளுடைய அண்ணன் என்பதால் நான் மறுத்துப் பேசுவதில்லை.

இந்தத் தடவை பொறுப்பதற்கு எங்களுக்கு ஓர் இடமும் கிடைத்திருந்தது. சர்க்கரை வியாதி மச்சானின் சிறுநீரகத்தை முடித்துவிட்டது. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். செவ்வாயும் வியாழனும் பக்கத்து வீட்டுக்காரர் கொண்டுபோய் விடுவார், சனிக்கிழமை என் முறை. கையில் இரண்டு ஊசி, பக்கத்தில் சுற்றிக்கொண்டிருக்கும் இயந்திரம், நாலு மணி நேரம் அசையக் கூடாது. நான் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கைப்பேசியில் ப்ராசசர் விமர்சனங்களை வாசித்துக் காட்டுவேன்.

உலகத்தில் ப்ராசசர் செய்வதற்கு நீலக் கம்பெனி, சிவப்புக் கம்பெனி என்று இரண்டு கட்சி இருப்பதாக நாங்கள் வைத்துக்கொண்டோம். அவர் சிவப்பு. நான் நீலம். நீலத்தின் மேல் எனக்குத் தனிப் பிரியம் எதுவும் இல்லை, அவரோடு சண்டை போட ஒரு கட்சி தேவைப்பட்டது.

"ஒங்க சிவப்பு ரொம்ப சூடாவுதாம் மச்சான். தண்ணியில குளுமைப்படுத்தணுமாம்."

"நான் மட்டும் எதுல ஓடறேன்? எனக்கும் வெளியில பைப் போட்டுத்தான்லா ஓடுது."

ஊசி பார்க்க வந்த நர்ஸ், நாங்கள் மிஸ்ஸி என்போம், சிரித்துவிட்டு, "அங்கிள், கைய ஆட்டாதீங்க" என்றார்.

பக்கத்து நாற்காலியில் ஒரு மலாய்ப் பெரியவர் இருந்தார், பாக்சிக் என்று கூப்பிடுவோம். முன்பு மீன்பிடித் தொழில் செய்தவர். எங்கள் சண்டை அவருக்கு ஒரு சொல்கூடப் புரியாது. ஆனாலும் ஒவ்வொரு சனிக்கிழமையும் கண்ணைத் திறந்ததும் வாங்கியாச்சா என்று மலாயில் கேட்பார். "பெலும், பாக்சிக்" என்பார் மச்சான், இன்னும் இல்லை என்று. பாக்சிக் தலையை ஆட்டிவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொள்வார். இப்படி ஏழு மாதம் போனது.

ஒரு சனிக்கிழமை அந்த நாற்காலியில் யாரோ ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். மிஸ்ஸி ஊசியைக் குத்திவிட்டு நகர்ந்துவிட்டார். அங்கே அதையெல்லாம் யாரும் கேட்பதில்லை. நான் வழக்கம்போல ஒரு விமர்சனத்தை எடுத்து வாசித்தேன். மச்சான் கூரையில் சுழன்ற விசிறியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பாதியில் என்னை நிறுத்தினார்.

"மாப்ள, போற வழியில கம்ப்யூட்டர் கடையில நிறுத்து. செவப்புல அந்த ஆறு கோர் உள்ளதே போதும். இன்னிக்கே வாங்கிடுவோம்."

இருபது வருடமாகப் பொறு என்று மட்டுமே சொன்ன மனிதர் வாங்கு என்கிறார். வாங்கிவிட்டால் வேலை முடிந்துவிடும். வாங்காதவரை அவருக்கு இங்கே ஒரு வேலை பாக்கி இருக்கிறது, அதை விட்டுவிட்டு எங்கும் போக மாட்டார் என்று என் மூளை முடிவு செய்தது. அந்த மூளையில் எத்தனை கோர் என்று தயவுசெய்து கேட்காதீர்கள்.

"புதுசு வருது மச்சான். தீபாவளிக்கு முன்னால எறங்கிடும். பொறுப்போமே."

"யாரு சொன்னா?"

"நீங்கதான். எப்பவும் நீங்கதான சொல்வீங்க."

என்னைத் திரும்பிப் பார்த்தார். அப்புறம் லேசாகச் சிரித்தார். "சரிலா. பொறுப்போம்."

மிஸ்ஸி ஊசியைப் பிடுங்கிக் கட்டுப் போட்டதும், காரில் ஏற்றினேன். கடை இருக்கும் வரிசையைத் தாண்டும்போது வேகத்தைக் குறைக்கவில்லை. களைப்பாக இருக்கிறார், சீக்கிரம் கொண்டுபோய்ப் படுக்க வைக்கவேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர் கழுத்தைத் திருப்பிக் கடையைப் பார்த்தார். நான் அவரை வாசலில் இறக்கிவிட்டு, உள்ளே போகாமல் வண்டியைத் திருப்பினேன். வீட்டுக்கு வந்து மனைவியிடம், "ஒங்க அண்ணனுக்கே நான் பொறுமை கத்துக் குடுத்துட்டேன்" என்று பெருமையடித்தேன்.

மூன்றாவது வாரம், செவ்வாய்க்கிழமை காலை, டயாலிசிஸுக்குச் சட்டை போட்டுக்கொண்டு காருக்குக் காத்திருந்தபோது அவருக்கு இதயம் நின்றுவிட்டது. நான் தொழிற்சாலையில் இருந்தேன்.

கருமாதி முடிந்த வாரம் புது ப்ராசசர் இறங்கியது. ஆறு கோர் உள்ளது விலை இறங்கியது. கொள்கை சரியாகத்தான் இருந்தது.

அதற்கடுத்த சனிக்கிழமை அவர் மனைவியைப் பார்க்கப் போனோம். அக்கா காப்பி கலக்கிக் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார்.

"ஏன் தம்பி, அன்னிக்கு நீங்க உள்ள வரல?"

"என்னிக்குக்கா?"

"மிந்தி அந்த சனிக்கெழம. வியாழக்கெழமயே அந்த பாக்சிக் போய்ட்டாருன்னு கேள்விப்பட்டு ஒரு மாதிரியா இருந்தாரு. காலையில கெளம்பும்போது, மாப்ளயும் நானும் பெட்டியோட வருவோம், கம்ப்யூட்டர் பூட்டணும்னாரு. மேசைய நகத்திட்டுப் பாய் விரிச்சு வைக்கச் சொன்னாரு. உங்களுக்கு றால் சம்பல் செய்யச் சொன்னாரு. நீங்க வாசல்லயே விட்டுட்டுப் போய்ட்டீங்க. சாயங்காலம் வரைக்கும் பாய எடுக்க வேணாம்னுட்டாரு."

இந்த மாதிரி நேரத்தில் எதையாவது சொல்லிச் சிரிக்க வைத்துவிடுவேன் என்று எங்கள் குடும்பத்தில் எனக்கு ஒரு பேர் உண்டு. அன்றைக்குக் காப்பியை ஊதிக்கொண்டே இருந்தேன். என் மனைவி என்னைப் பார்க்காமல் காப்பிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவருக்கு ப்ராசசர் முக்கியமில்லை, அந்த ஒரு மதியம்தான் வேண்டியிருந்தது. கேட்டு வாங்கத் தெரியாமல் கடையில் நிறுத்து என்று சொல்லியிருக்கிறார். நான் நிறுத்தவில்லை.

அடுத்த வாரம் அந்தக் கடைக்குப் போனேன். கடைக்காரர் நல்ல மனிதர். "புதுசு வந்திருக்கு அண்ணே. இல்ல, ரெண்டு வாரம் பொறுத்தா ஆஃபர் வரும்" என்றார். சிவப்பில் அந்த ஆறு கோர்தான் வேண்டும், இப்போதே வேண்டும் என்றேன். பெட்டிகளையெல்லாம் காரில் ஏற்றி நேரே அக்கா வீட்டுக்குப் போனேன். அவர் மேசையை நகர்த்திப் பாயை விரித்தார்.

ப்ராசசர் இருந்த அட்டைப்பெட்டியைத் திறந்தேன். அக்கா எட்டிப் பார்த்தார்.

"இதுவா தம்பி?"

"ஆமாக்கா."

"இத்துனூண்டா? இதப் பத்தியா ரெண்டு பேரும் வாராவாரம் நாலு மணி நேரம் பேசுனீங்க?"

"ஆமாக்கா."

உள்ளங்கையை நீட்டினார், வைத்தேன். அதன் அடிப்பக்கத்தில் விரல் படக் கூடாது. எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டினால் கெட்டுப்போகும் என்று மச்சான் கத்துவார். அக்கா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், கட்டைவிரலால் மெதுவாகத் தடவினார். அவராகத் திருப்பித் தரட்டும் என்று கையில் திருகாணியை வைத்துக்கொண்டு பாயில் உட்கார்ந்திருந்தேன்.